கண்ணாடிக்கு மாட்டிய சாக்ஸ்

அக்டோபர் 5, ஞாயிறு. குன்னூர்.

வடக்கிலிருந்து வாலாட்டிக் குருவி வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் தேயிலைச் சரிவிலிருந்து நேராக எங்கள் காருக்குத்தான் வரும். பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிவது வேறு குருவி என்று நினைத்துக் கொத்தும். அலகு போய்விடுமே என்று இவர் தன் பழைய சாக்ஸைக் கண்ணாடிக்கு மாட்டிவிடுவார். காரைத்தான் சித்திரையில் விற்றுவிட்டோமே.

காலையில் பக்கத்து வீட்டுச் சுமதி வந்தாள். "ஏனுங்கக்கா, எங்க கார் கண்ணாடிக்கு யாரோ சாக்ஸ் மாட்டி உட்டிருக்காங்க. அண்ணன் வேலைங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது நம்ம காரில்லீங்களே" என்று இவரிடம் சொன்னேன். எட்டி வாசலைப் பார்த்தார்.

"அதனால என்ன? குருவி நம்முளுதுதானே."

கிண்டலா, சமாளிப்பா? போன வாரம் ஏதோ சாவியைத் தேடினாரே, அது எந்தச் சாவி?

வாசலில் அக்கம்பக்கத்தாரின் மூன்று கார்கள் நிற்கின்றன. குருவிக்காக என்றால் மூன்றுக்கும் மாட்டியிருப்பார். எங்கள் கார் நின்ற இடத்தில் இப்போது சுமதியின் கார் நிற்கிறது. அதற்கு மட்டும் மாட்டியிருக்கிறார்.

ஆனால் குருவியும் அந்த இடத்துக்குத்தான் வருகிறது.