தவக்காலத்து ரத்தச் சோதனை

இயேசு மரி சூசை துணை

வில்லியனூர்
28-3-1984

அன்புள்ள கணவர் மரியதாஸ் அவர்களுக்கு அந்தோணி மேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீங்கள் பிரான்சில் நல்ல சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

நம் செலின் மேரிக்கு நெஞ்சில் வால்வு மாற்றி இரண்டு வருஷமாகிறது. அதில் ரத்தம் கட்டாமலிருக்க தினமும் மாத்திரை, மாதம் ஒரு ரத்தச் சோதனை என்று முன்பே எழுதியிருந்தேன். மற்றவர்களுக்குப் பதின்மூன்று வினாடியில் உறைகிற ரத்தம் அவளுக்கு இருபத்தைந்து வினாடியாவது தாங்கவேண்டும். போன செவ்வாய்க்கிழமை பதினைந்திலேயே உறைந்துவிட்டது. இப்படியே விட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும், உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்று டாக்டர் சொன்னார்.

மாத்திரையை விட்டிருக்கிறாள் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் கன்னத்தில் அறைந்துவிட்டேன். நான் இன்னா சின்னப் புள்ளயாம்மா, வூட்டுக்கு வந்து மாத்திர அட்டயப் பாரு என்று அழுதாள். எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது. மறுநாள் திரும்பவும் போனோம். வேறு மாத்திரை உண்டா, நாட்டு மருந்து உண்டா, காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியில் சாப்பாட்டைக் கேட்டார்.

தவக்காலம் தொடங்கின சாம்பல் புதனிலிருந்து அவள் சுத்தபோசனம். மீன், கறி மட்டுமல்ல, பருப்பு, மோர்கூடத் தொடாமல் கீரையும் சோறும்தான். இளைத்துப்போகிறாளே, ரத்தம் ஊறட்டும் என்று நான்தான் முருங்கைக்கீரையை உருவி இரண்டு வேளையும் அள்ளி அள்ளிப் போட்டேன். மாத்திரை செய்கிற வேலையை அந்தக் கீரை கெடுக்கிறதாம். எப்போதும் சாப்பிடுகிற அளவோடு இருந்திருந்தால் ஒன்றுமில்லையாம். மாத்திரையைக் கூட்டித்தரச் சொன்னேன். கூட்டினால், ஈஸ்டர் முடிந்து கீரையை நிறுத்தும்போது ரத்தம் உறையாமல் ஒழுகும், முதலில் பழைய சாப்பாட்டுக்கு வரட்டும் என்றார். தப்பு செய்தது நான், அடி வாங்கியது அவள்.

இனிமேல்தான் சங்கதி. பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து, நோயாளிக்கு இந்தக் கடமை இல்லை என்று சொல்லிவிட்டார். கேட்கவில்லை. கீரை ஆகாதென்றால் வெறும் சோறும் உப்பும் என்கிறாள். சத்தே இல்லாவிட்டால் ரத்தம் உறையாமல் ஒழுகுமாம், அதுவும் ஆபத்தாம். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். அப்பா ஈஸ்டருக்கு வரணும்னு நேர்ந்துக்கினேன், நடுவுல வுட்டுட்டா வரமாட்டாரு என்கிறாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தை விட்டு மூன்று வருஷமாகியும் நீங்கள் ஏன் வரவில்லை என்று அவளிடம் நான் பேசினதில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்த கவரில் விலாசம் ஒரு பெண்ணின் கையெழுத்தில் இருந்தது. அதையும் அவளுக்குக் காட்டவில்லை. உங்களைக் கேள்வி கேட்க இதை எழுதவில்லை.

உங்கள் பதில் தபாலில் வரக் காத்திருக்க முடியாது. இது கிடைத்ததும் அவள் பெயருக்குத் தந்தி கொடுங்கள். அப்பா சொல்கிறேன், நேர்ச்சையை விடு, மீன் சாப்பிடு என்றால் போதும். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நம்பிவிடுவாள்.

தேவமாதா உங்களையும், உங்களோடு அந்த வீட்டில் இருப்பவர்களையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
செலினின் அம்மா
அந்தோணி மேரி