உறவு என்ற கோட்டுக்கு நேரே

சிட்லபாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள சகோதரி அருட்செல்வி அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபை உங்கள் வீட்டு வாசலில் காவலிருப்பதாக.

வெள்ளிக்கிழமை காலை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இருந்தவர்கள்: அதிகாரி அம்மா, அவர் பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த ஒருவர், என் கணவர் எலியேசர், நான், உங்கள் மகள் ஜெரூஷா. ஐந்து பேர். எண்ணி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் பிள்ளை அங்கே தனியாக நிற்கவில்லை என்பது கிளிநொச்சியில் இருக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நானும் நீங்களும் பேசினால் முதல் இரண்டு நிமிடம் சாப்பாடு, அடுத்து அழுகை, விஷயம் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். மற்றதெல்லாம் வேதாகமத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் பக்கத்தில் வைத்து நானாகப் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்த தவறு முழுவதும் என்னுடையது. ஜெரூஷாவின் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் அவளுக்கே ஒதுக்கியவை: வந்து இறங்கிய தேதி, பதிவு செய்த தேதி, விசா முடியும் தேதி. எல்லாவற்றையும் நேரத்தோடு அனுப்பினோம். பிறகு விலாசம் விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, “இன்னாம்மா, இந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னா வேணும்?” என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “எங்க பொண்ணுதான் சார்” என்றேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். அவர் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாளில் நேரில் வரச் சொல்லி மெசேஜ் வந்தது. விண்ணப்பத்தில் தாய் நீங்கள், போலீஸ்காரர் எழுதிய தாளில் தாய் நான். அதிகாரி அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, “ஏம்மா, அம்மா இந்தியன், பொண்ணு மட்டும் எப்படிம்மா ஸ்ரீலங்கன்?” என்று கேட்டார். என் கணவர் சும்மா இருக்காமல், “மேடம், பைபிள் மேல கை வைக்கச் சொன்னாலும் இவ அதையேதான் சொல்லுவா” என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். நல்ல மனுஷி. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. திருத்தி எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, வாசகத்தையும் அவரே சொன்னார்.

‘மேற்படி மாணவிக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. அவர் என் வீட்டில் தங்கியிருப்பவர் மட்டுமே.’

இரண்டே வரி. என் கையெழுத்தை எல்லோரும் அச்சு மாதிரி என்பார்கள். அன்றைக்குக் கோணலாகப் போனது. ஜெரூஷா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழும்பூரில் சானடோரியத்துக்கு ரயில் ஏறினோம். பல்லாவரம் தாண்டியதும் அவள்தான் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: “அன்ரி, அந்தக் கடதாசியில எழுதினது அவையளுக்கு. எனக்கில்லை.” எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டு வந்த பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உங்கள் இடத்தில் நான் உட்காரப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. அது முடியாது என்று தினமும் பார்க்கிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூளைச் சமையலுக்கு எடுக்க விடமாட்டாள், தீர்ந்துவிடுமாம். பரீட்சை சமயத்தில் பொட்டலத்தைத் திறந்து முகர்ந்துவிட்டுக் கட்டி வைக்கிறாள். நானும் அதே மாதிரித் தூள் வறுத்து அரைத்துக் குழம்பு வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்கு அன்ரி” என்றாள். அந்த ‘நல்லா இருக்கு’ என்ன என்று எனக்குத் தெரியாதா?

அவள் இருக்கும் மாடி அறையைப் பற்றிப் போனில் கேட்டீர்கள். காற்றோட்டமான அறை. கட்டும்போது ஜன்னல் கம்பிகளை நெருக்கமாக வைக்கச் சொன்னேன், குழந்தை தலை நுழைந்துவிடக் கூடாது என்று. இருபத்தாறு வருடம் அங்கே இஸ்திரி மேஜைதான் இருந்தது. ஜெரூஷா ஹாஸ்டலில் காய்ச்சலாய்ப் படுத்தபோது, பதினைந்து நாள் இருக்கட்டும் என்றுதான் அழைத்து வந்தோம். மேஜை இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

இன்று காலை ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபம் வந்தபோது பாதியில் நின்றுவிட்டேன். போலீஸ்காரரிடம் சொன்னதை அறிக்கையிடுவதா, அதிகாரி அம்மாவிடம் எழுதிக் கொடுத்ததை அறிக்கையிடுவதா? ஆண்டவரே தீர்த்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இனி காரியம். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு அவள் அனுமதி முடிகிறது. இன்னும் பத்தொன்பது நாள். அதற்குள் உங்களிடமிருந்து இரண்டு தாள் வேண்டும் என்றார்கள். ஒன்று, தாய் என்று உங்கள் பெயர் இருக்கும் அவளுடைய பிறப்புச் சான்றிதழின் நகல். மற்றது, நீங்கள்தான் தாய் என்றும், அவள் எங்கள் வீட்டில் தங்குவதற்குச் சம்மதம் என்றும் நீங்கள் கையெழுத்திட்ட கடிதம். வராவிட்டால் அவள் ஊர் திரும்ப வேண்டியதுதான். மூன்றாம் வருடப் படிப்பு அந்தரத்தில் நிற்கும்.

புதன்கிழமை யாழ்ப்பாணம் போகும் எங்கள் சபைப் போதகர் ஐயர் இந்தக் கவரைக் கொண்டுவந்து தருவார். உள்ளே அந்தச் சம்மதக் கடிதத்தை மாதிரியாகப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடாமல் புதுத்தாளில் எழுதுங்கள். பெயர், விலாசம், பாஸ்போர்ட் எண் எல்லாம் நிரப்பிவிட்டேன், மூன்று தடவை சரி பார்த்தேன். ‘தங்கியிருக்கும் வீட்டாருக்கும் மாணவிக்கும் உள்ள உறவு’ என்று ஒரு வரி வருகிறது. ‘உள்ளூர்ப் பாதுகாவலர்’ என்று எழுதலாம், ‘குடும்ப நண்பர்’ என்று எழுதலாம், இரண்டும் செல்லும் என்றார் அந்த அம்மா. அந்தக் கோட்டுக்கு நேரே மட்டும் நான் எதுவும் எழுதவில்லை. பெற்றவள் நீங்கள். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை எழுதுங்கள். எதை எழுதினாலும் நான் மறுக்கமாட்டேன்.

ஜெரூஷா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். மழை வரும் போலிருக்கிறது. உங்களுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். அவள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, அவளைப் பெற்ற வயிற்றையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை தங்கியிருக்கும் வீட்டுக்காரி,
ரத்தினபாய் எலியேசர்

இரண்டு தாளையும் முதலில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், தபால் பிறகு வரட்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.