மலை நின்ற இடம்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை உன் வாயால் கேட்டு நாற்பது நாளாகிறது, அதனால் பாதி நலம் என்று வைத்துக்கொள். அன்று நான் போனை வைக்கவில்லை கண்ணு. வேலையை விட்டுட்டு வீட்டுக்கே வந்துடட்டுமாம்மா என்று நீ கேட்டாய், அடுத்த நொடி இணைப்பு அறுந்தது. பதில் சொல்லப் பிடிக்காம அம்மா வச்சுட்டாங்க என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாய், பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. உனக்குக் கோபம் மூக்கின் மேல், அது என் வழிச் சொத்துதான்.

வேடிக்கை என்னவென்றால் அறுத்தது நானேதான். எந்த டவருக்கு எந்த அலைவரிசை என்று பங்கு பிரிப்பதுதானே இருபது வருஷமாக என் பிழைப்பு. நம் வீட்டுப் பக்கம் ஒரு டவர், மலைக்கு அந்தப் பக்கம் இந்த வருஷம் புதிதாக வந்தது ஒன்று. கையிலிருக்கும் அலைவரிசைகள் கொஞ்சம்தான், நடுவில் மலை மறைக்கிறதே என்று இரண்டுக்கும் ஒன்றையே கொடுத்திருந்தேன். இணைப்பு ஏன் அறுகிறது என்று பார்க்க, போன வாரம் அளவெடுக்கும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வண்டியில் அந்தப் பக்கம் போனேன். விடிந்தும் பனி விலகவில்லை, சாலை எங்கோ மிதப்பது போல இருந்தது. ஓட்டும் வேகத்துக்காக எல்லோரும் ஆமை என்று கூப்பிடும் டிரைவர்தான் வந்தார். கருவியில் இரண்டு டவரும் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கிடுகின்றன, நடுவில் மலை இருக்கையில் இது எப்படி என்று வாய்விட்டே கேட்டேன். ஆமை வண்டியை ஓரங்கட்டி, மேடம், மலைய வெட்டி ரோடு போட்டு ரெண்டு வருஷமாச்சு, உங்க மேப்புல மட்டும்தான் அது இன்னும் நிக்குது என்றார். வீட்டிலிருந்து பார்த்தால் தோப்பு மறைக்கும், நானும் பழைய மேப்பையே நம்பிவிட்டேன். இறங்கிப் பார்த்தால் இரு பக்கமும் வெட்டிய பாறை, நடுவே வெறும் வானம். அந்தச் சந்து வழியாகத்தான் அலை நம் சமையலறை வரை வந்து உன் பேச்சைக் கெடுத்திருக்கிறது. அசடு வழிந்தாலும் அங்கேயே நின்றேன். கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ பேச்சு என்னைக் கடந்து போவது போலவும், அதில் உன் குரலும் எங்கோ இருப்பது போலவும் ஒரு மயக்கம். அழுகை வந்துவிட்டது.

நேற்று அந்தப் பக்கத்து டவருக்கு வேறு அலைவரிசை மாற்றியாகிவிட்டது. தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன், மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், போகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பும் மனசும் தெளிவாக இருக்கட்டும். இனி நான் கூப்பிட்டால் மறக்காமல் எடு. அன்று இணைப்பு போனது தெரியாமல் நான் பேசிக்கொண்டே இருந்தேன். நீ கேட்காமல் போனதை இதில் எழுதிவிடுகிறேன்: உன் ரூம்ல அப்பா சைக்கிளைப் பிரிச்சுப் போட்டு வச்சிருக்கார், அள்ளச் சொல்றேன், நீ எதையும் யோசிக்காதே, கிளம்பி வந்துடு.

உன் அம்மா