பனிக்கு முன்னே போகும் பருப்பு

ஜனவரி 8, 2025
பட்டாளத்துக்கு உணவுப்பொருள் வாங்கி அனுப்பும் எங்கள் பழைய அலுவலகத்தை வேறொன்றோடு இணைக்கிறார்களாம். அதற்கு ஒரு நினைவு மலர். அலுவலக வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். அங்கேயே காலமெல்லாம் குப்பை கொட்டியவன், எனக்கு வராதா என்ன? "யுத்த காலத்தில் ஒரு வாடகைச் சரக்குக் கிட்டங்கியில் தொடங்கி" என்பதோடு நிற்கிறது.

ஜனவரி 12
பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மகன் காளீஸ்வரன் வடக்கே பனிமலையில் காவலில் இருக்கிறான். பாதை மூடிவிட்டது, போனும் கிடைக்கவில்லை. "அவன் தின்னானோ இல்லையோ, எனக்கு எப்படிண்ணே எறங்கும்?" என்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஜனவரி 13
ஒரு வரி கூட ஓடவில்லை.

ஜனவரி 19
பொன்னுத்தாய் குழாயடியில் மயங்கி விழுந்தாள். இவள் செத்துத் தொலைத்தால் அந்தப் பயலுக்கு யார் பதில் சொல்வது? இந்த வாரம் எப்படியோ எழுதி வைத்திருந்த வரலாற்றை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். அதிகாரிகள் பெயர் வந்தபோது கொட்டாவி விட்டாள். பனிக்காலத்துக்கு வேண்டிய பருப்பும் அரிசியும் கோடையிலேயே மலையேறிவிடும் என்றதும் நிமிர்ந்தாள்.

"மொதல்லருந்தே அப்படித்தானாண்ணே?"

"இல்ல தாயி. ஒரு வருசம் பிந்திப்போச்சு. பயலுக அரை வயித்தோட கெடந்தாங்க. அதுக்கப்புறம்தான் இந்த ரூலு."

சொல்லியிருக்கக் கூடாதோ? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பட்டுத் திருந்துனவுகளா? அப்ப நம்பலாம்" என்றாள். கூட வந்திருந்த என் மனைவி சுந்தராம்பாள் தட்டை வைத்தாள். பொன்னுத்தாய் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 2
வரலாற்றை அனுப்பிவிட்டேன். பிந்திய வருஷத்தையும் சேர்த்துத்தான்.

மார்ச் 30
காளீஸ்வரன் போன் பண்ணினான். "தெனமும் பருப்புதாம்மா, சலிச்சுப்போச்சு" என்றானாம். சலித்துப்போச்சாம்! எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

ஜூன் 14
மலர் வந்தது. என் வரலாறு அரைப்பக்கம். அதிகாரிகள் பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பிந்திய வருஷத்தைக் காணோம். பரணில் தூக்கி எறிந்தேன். 

டிசம்பர் 3
பஸ் ஸ்டாப்பில் பந்தல்குடிக்காரி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பேர் பெத்தம்மாளாம். அவள் மகனும் பனிமலையில். என்னோடு பஸ்ஸுக்கு நின்ற பொன்னுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாடகைக் கிட்டங்கியிலிருந்து ஆரம்பித்தாள். பிந்திய வருஷத்தையும் விடவில்லை. அதிகாரிகளை மட்டும் விட்டுவிட்டாள்.

"வெயில் காலத்துலயே மூட்டையெல்லாம் மலையேறிரும் தாயி. நீ மொதல்ல சாப்பிடு" என்று தன் தூக்குவாளியைத் திறந்தாள்.

பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.