கேமரன் மலையும் நீ கேட்ட கேள்வியும்

ஈசூன்,
சிங்கப்பூர்.
ஜூன் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் இனியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உங்கம்மாவின் வலது முழங்காலைத் தவிர. அது இப்போது வீட்டில் தனி ஆள் மாதிரி, அதன் சுகத்தை அதனிடம்தான் கேட்க வேண்டும். நீயும் மாப்பிள்ளை ஜோனத்தனும் பேத்தி பெதானிக் குட்டியும் அங்கே கேல்கரியில் நன்றாக இருப்பதை வாராவாரம் போனில் முகம் பார்த்தே தெரிந்துகொள்கிறேன், ஆனாலும் கடிதம் என்று உட்கார்ந்துவிட்டால் கேட்காமல் விடக்கூடாது அல்லவா, நலம்தானே? நான் உயர்நிலை இரண்டோடு பள்ளியை விட்டவன், எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டு நீயே திருத்திக்கொள்.

முதலில் அந்தப் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ அதிலேயே நிற்பாய். உன் அண்ணன் அகிலன் குடும்பக் குழுவில் போட்ட படத்தில், தேயிலைத் தோட்டத்துக்கு முன்னால் கத்தரிப்பூ நிறத்தில் மணி வைத்துத் தைத்த ஸ்வெட்டர் போட்டு நிற்பது நான்தான், ஸ்வெட்டர் உங்கம்மாவுடையது. நடந்தது இதுதான். மலேசியாவில் தாப்பா ஊரில் இருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதை வளைந்து வளைந்து போகிறது, அகிலன் ஓட்டுகிறான், நான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும், இப்படித் திருப்பு, பிரேக்கை மிதிக்காதே, முன்னால் லாரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் வாய் சும்மா இருக்குமா? சொல்லிக்கொண்டே வந்தவன் திடீரென்று பேச்சை நிறுத்தினேன். நிறுத்தியதும் எல்லாரும் நிம்மதியானார்கள், அதற்குள் நான் என் புது ஜாக்கெட் முழுக்க வாந்தி எடுத்துவிட்டேன். முஸ்தபா கடையில் ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று எடுத்த ஜாக்கெட். உன் அண்ணன் மகள் அனுப்ரியா மூக்கைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, யூ வேர் த டிரைவர் லா!” என்றாள். உங்கம்மா அதோடு விட்டாளா? “முப்பது வருஷம் ஒங்க பஸ்ல ஏறுன சனங்க என்ன பாடு பட்டிருக்கும்னு இப்பவாச்சும் தெரியுதா?” என்று கேட்டுவிட்டு, தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். குளிரில் நடுங்கிக்கொண்டு மானம் பார்க்க முடியுமா, போட்டுக்கொண்டேன். கைதான் கொஞ்சம் குட்டை.

உங்கள் ஊரில் கோடை என்று மூன்று மாதத்தைத் தனியாக எடுத்து வைத்துக் கொண்டாடுகிறீர்கள், மலைக்குப் போகிறோம், ஏரிக்குப் போகிறோம் என்று படம் அனுப்புகிறாய். எங்களுக்கு வருஷம் முழுக்கக் கோடைதான், பள்ளிக்கூடம் ஜூனில் மூடினால் அதுதான் விடுமுறை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் உங்கம்மாவுக்கும் ஊர் சுற்றுவதே வேலையாகிவிட்டது, அதில் இந்த மலைப் பயணத்துக்குப் பயிற்சி வேறு. பயிற்சியாளர் நான். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் புக்கிட் தீமா குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், மூச்சை இப்படி இழு, கம்பை இப்படி ஊன்று என்று பாடம் எடுத்தபடி. பாதி வழியில் ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் நான் உட்கார்ந்தது உண்மை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்கம்மா அந்த உயரம் எழுதிய பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் ஜாம் வைத்த காயா பன் தின்றுகொண்டிருந்தாள், அந்த முழங்காலோடு. “மலை ஏறுனேன்னு வெளிய சொல்லிக்காதீங்க, மாடி ஏறுனேன்னு சொல்லுங்க” என்றாள். அடுத்த வாரம் சைனாடவுனுக்குப் போய் மாரியம்மன் கோயிலில் பயணத்துக்காகத் தேங்காய் உடைத்தோம். திரும்பும்போது ரயிலில், இரண்டு வேண்டுதல் வைத்தேன் என்றாள். ஒன்று நல்லபடியாகப் போய்வர வேண்டும், இன்னொன்று இந்த மனுஷன் இனியாவுக்கு வாயைத் திறந்து ஒரு பதில் சொல்ல வேண்டும்.

ஆக, விஷயத்துக்கு வந்துவிட்டேன். போன மாதம் நீ கேட்டாய், கனடாக் குடியுரிமை கிடைக்கும் போல இருக்கிறது, எடுத்தால் சிங்கப்பூர் குடியுரிமையை விட்டுவிட வேண்டும், அப்பா என்ன சொல்றீங்க என்று. நான் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரமும் கேட்டாய், பார்க்கலாம் என்று சொல்லிப் போனை உங்கம்மாவிடம் கொடுத்தேன். மூன்றாம் முறை உனக்குக் கோபம் வந்து, “போன்ல வாய் வரலன்னா எழுதியாச்சும் அனுப்புங்கப்பா” என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம், என்னவோ பெரிய எழுத்தாளர் மாதிரி நான் உட்கார்ந்திருப்பது.

மலையில் முதல் நாள் முழுக்க உன் பேச்சுதான். அகிலன், “பாஸ்போர்ட் ஒரு புக்கு அவ்ளோதான்பா, எடுத்துக்கட்டும்” என்றான். உன் அண்ணி சுஷ்மிதா அதற்கு மேல் யோசிப்பவள், “நாளைக்கு அங்க பிடிக்காமத் திரும்பி வரணும்னா ஈசி இல்ல மாமா, அதையும் சொல்லுங்க” என்றாள். சொன்னது சரிதான், நீயும் யோசித்திருப்பாய். உங்கம்மா மட்டும் ஸ்ட்ராபெரியை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நம்ம தமிழ்ப் பெண், சாமுண்டீஸ்வரி என்று பெயர் சட்டையில் குத்தியிருந்தது. “நீங்க எந்த ஊருங்க?” என்று கேட்டாள். ஈசூன் என்றேன். “அது எங்க, ஈப்போகிட்டவா?” என்றாள். சிங்கப்பூர் என்றதும், “அது சரிங்க, பூர்வீகம்?” என்று விடவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் என்றேன், அந்தப் பக்கத்தில் எந்த ஊர் என்றால் எனக்கு வாயில் வரவில்லை, எங்கப்பா சொல்லியிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. தேநீர் ஆறும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உன் தாத்தா கோவிந்தசாமி சிங்கப்பூர்க் குடிமகன் ஆன நாளைப் பற்றி எங்கம்மா சொல்லுவார். வேலைக்குப் போவது போலப் போனார், வந்தார், குழம்பில் உப்பு இல்லை என்றார், அவ்வளவுதான். பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த தன் அப்பாவுக்கு எழுதிக் கேட்டாரா என்று தெரியாது, கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் யாரையும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் சிக்கல் இல்லை. நீ கேட்டுவிட்டாய். கேட்டதுதான் எனக்குச் சிக்கல்.

தேநீர் குடித்ததும் பள்ளத்தாக்கைப் பார்க்கிற மேடைக்குப் போனோம். ஒரே மூடுபனி, நம் கையே நமக்குத் தெரியவில்லை. ஏதாவது தெரியுமா மாமா என்று சுஷ்மிதா கேட்டாள். கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெளுக்க ஆரம்பித்திருந்தது, காற்றும் எழும்பியது, இனிமேல் விலகும், எல்லாம் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பில், பார்க்கலாம் என்றேன். அனுப்ரியா உடனே, “தாத்தா பார்க்கலாம்னு சொன்னா நோ லா. வாங்க, கார்ல போய் உக்காரலாம்” என்று திரும்பி நடந்துவிட்டாள். அகிலனும் ஆமாம் என்று அவள் பின்னால் போனான், சுஷ்மிதாவும் போனாள். ஒருத்தருக்குக்கூட நான் நிஜமாகவே பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன் என்று தோன்றவில்லை. வாழ்க்கை முழுக்க ஒரு வார்த்தையை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறேன். உங்கம்மாவால் உடனே படி இறங்க முடியாது, அதனால் அவள் மட்டும் மேடையில் நின்றாள், எனக்குத் துணைக்கு நிற்பதாகப் பேர்.

பனி விலகிவிட்டது. கீழே முழுக்கத் தேயிலை, பச்சைத் துணியைச் சீப்பால் வாரியது போல, நடுவில் சின்னதாக ஒரு ரோடு, அதில் ஒரு பஸ். நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். உங்கம்மா பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே பேசினாள், என் பக்கம் திரும்பவில்லை. “அவ பெர்மிஷன் கேக்கலைங்க. ஒங்க வாயில வேணாம்னு ஒரு வார்த்தை வந்தா அவ எடுக்க மாட்டா, எனக்குத் தெரியும் எம் பொண்ண. எடுக்காம, அங்கயே பாதிப் பெட்டியப் பிரிக்காத மாதிரி உக்காந்திருப்பா. வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, இந்தப் பார்க்கலாம மட்டும் வெச்சு அவள இழுக்காதீங்க” என்றாள். நீ என்ன சொல்றே என்று கேட்டேன். “எனக்குப் புடிக்கல” என்றாள். முழங்காலைத் தடவிவிட்டு, “ஆனா எடுத்துக்கட்டும்” என்றாள். நீ பத்திரமாக இருக்கட்டும் என்று அவளிடம் விட்டுப்போன சிங்கப்பூர் அடையாள அட்டை, அந்த பிங்க் ஐசி, சாமி அலமாரியில்தான் இருக்கிறது. அது இருக்கிறவரைக்கும் நீ லீவில் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு இது இத்தனை வருஷம் தெரியாது. அவள் கை சில்லிட்டிருந்தது, அப்போதுதான் கவனித்தேன், அவள் ஸ்வெட்டர் என் மேல் அல்லவா இருக்கிறது.

கீழே காருக்கு வந்தபோது அனுப்ரியா, ஏதாவது தெரிஞ்சுதா தாத்தா என்று கேட்டாள், நிறையத் தெரிந்தது என்றேன். நம்பவில்லை. போனில் எடுத்த படத்தைக் காட்டினேன், அதில் என் கட்டைவிரல்தான் தெரிந்தது.

ஆகையால் என் பதில் இது, தெளிவாக எழுதுகிறேன், அகிலனிடமும் சொல்லிவிட்டேன். எடுத்துக்கொள். உன் வேலை அங்கே, உன் வீடு அங்கே, பெதானி பிறந்ததும் அங்கே. பெட்டியை முழுக்கப் பிரித்து வை. எனக்காக என்று எதையும் நிறுத்தி வைக்காதே, நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை, வளைவில் வாந்தி எடுக்கிற ஆள். குடியுரிமையை விடும்போது நீ திருப்பிக் கொடுக்க வேண்டிய ஐசியைத் தபாலில் அனுப்பமாட்டேன், வந்து என் கையால் வாங்கிக்கொள்ளட்டும் என்று உங்கம்மா சொல்லச் சொன்னாள், அதில் பேரம் பேசாதே.

அடுத்த வருஷக் கோடைக்கு உங்கள் மலைக்கு வரச் சொல்லியிருந்தாயே, வருகிறோம். எனக்கு முன் சீட் வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை, வழியில் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன், நீ அதை நம்ப வேண்டாம். அங்கே கரடி வருமாம், பெதானியை முன்னால் ஓடவிடாதே, தின்பண்டத்தைக் காரில் திறந்து போட்டுவிட்டுப் போகாதே. மாப்பிள்ளை பனியில் வேகமாக ஓட்டுகிறார் என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய், சிரிக்கிற விஷயம் இல்லை. இருமல் இருந்தால் வெந்நீர் குடி. வாராவாரம் கூப்பிடும்போது முதலில் அம்மாவிடம் பேசு, அவள் கேட்கமாட்டாள், ஆனால் காத்திருப்பாள்.

உங்கள் மூவருக்கும் எல்லா நலமும் கூடி வர வேண்டும். மாரியம்மன் உனக்குத் துணை, மாப்பிள்ளைக்கு அவருடைய மாதா துணை, பெதானிக்கு இரண்டு பேரும் துணை.

இன்னும் ஒன்று இருக்கிறது. திரும்பி வரும்போது உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தோம். அகிலன் பாஸ்போர்ட்டுக்குப் பதில் போனைக் காட்டினான், தடுப்பு மேலே எழுந்தது, எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வரிசையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, உள்ளே இருந்த அதிகாரிக்கு விரலை மடக்கி மடக்கி நாள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் உங்கம்மா, “என்ன, பேச்சக் காணோம், மறுபடியும் வாந்தியா?” என்றாள். தூக்கம் வருது என்றேன். அவளிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். இனிமேல் நீ இங்கே வந்து இறங்கும்போது உன்னையும் அப்படிக் கேட்பார்கள், எத்தனை நாள் தங்குவாய் என்று. அவர்களுக்கு ஏதாவது ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு வா. வீட்டில் கதவைத் திறக்கிறவன் நான்தான், அந்தக் கேள்வியை நான் விருந்தாளியிடம்தான் கேட்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
கோ. சின்னையா