ஜோகூர்ப் புளி

காஜா பேராங், மலாக்கா
14.6.1959

அன்பு மகள் கமலவேணிக்கு அப்பா எழுதுவது.

வீடும் கடையும் சுகம். உன் சுகத்தை உன் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. சிங்கப்பூர் விடுதிச் சாப்பாட்டைத் திட்டாமல் நீ எழுதிய முதல் கடிதம் இதுதான். வாசித்துக் காட்டியதும் உன் அம்மா அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை மண்டபத்திலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டாய். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, படித்தது தலையில் நிற்கவில்லை, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது என்கிறாய். பரீட்சை போனால் போகட்டும், அடுத்த வருஷம் எழுதலாம். எனக்குப் பிடிபடாதது அந்த அம்மாதான். மாணவர்களோடு பேசுவதற்கென்றே அங்கே ஓர் அறையாம், அதில் சாரதாம்பாள் என்று ஒருவராம், வாரம் ஒரு மணி நேரம் நீ போய்ப் பேசிவிட்டு வருகிறாயாம். இப்போது உன்னை மனநோய் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்கிறாராம். உனக்கு இருபத்தொன்று ஆகாததால் என் கையெழுத்து வேண்டும் என்று, கேள்விகள் அச்சடித்த ஒரு பாரம் அனுப்பியிருக்கிறாய்.

நான் ஆற்றங்கரையில் தொங்கான் படகிலிருந்து மூட்டை இறக்கி, பிறகு தோட்டம் தோட்டமாக சைக்கிளில் மிளகாய் விற்று, அதன் பிறகு கடை வைத்தவன். சரக்கை எனக்குத் தெரிகிறதோ இல்லையோ, ஆளைத் தெரியும். ஒருவர் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க இன்னொருவருக்குச் சம்பளம் என்றால், அந்தக் கதை யாருக்கோ தேவைப்படுகிறது என்று அர்த்தம். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, கம்யூனிஸ்டுகளைத் தேடுகிற அவசரகாலம் இன்னும் முடியவில்லை. நீ பேசுவதை அந்த அம்மா எழுதிக்கொள்கிறாரா? எழுதிய தாள் எங்கே போகிறது? நீ ஏதாவது சங்கத்தில் சேர்ந்திருக்கிறாயா என்று கேட்டாரா? அடுத்த கடிதத்தில் இதற்கெல்லாம் பதில் வேண்டும்.

இன்னொன்று. பாரத்தில் ஆறாவது கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்பது. எனக்குத் தெரிந்து இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெண் தேடுகிறவர்கள்தான். அந்த அம்மாவுக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறானா என்று நாசூக்காக விசாரி. அப்படியிருந்தாலும் பழுதில்லை என்று நான் பாரத்தை அதற்குத் தகுந்தாற்போலவே நிரப்பி அவருக்கே நேராகத் தபாலில் சேர்த்துவிட்டேன். நம் குலதெய்வம், உன் நட்சத்திரம், மாரியம்மன் திருவிழாவில் நமக்குள்ள உபயம், உன் சித்தப்பா மருதமுத்து இந்தியாவில் நம் ஊரில் நிலபுலத்தோடு இருப்பது, எல்லாம் தாள் பற்றாமல் ஓரத்திலும் எழுதினேன். ஆறாவது கேள்விக்கு ‘யாருக்கும் கிடையாது’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. விசாரிக்காமல் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

புதன்கிழமை வழக்கம்போல் புளி பார்க்க ஜோகூர் போகிறேன். அங்கே உள்ள வாடிக்கைக்காரருக்கு என்று உன் அம்மா இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறாள். சிங்கப்பூர் பக்கம்தான், ஆனால் வர நேரம் இருக்காது.

நான் சொல்லும்வரை அந்த அறைக்குப் போகாதே. உன் மனதில் உள்ளதை எனக்கு எழுது. பால் குடித்துவிட்டுப் படு.

உன் நன்மையை மட்டும் பார்க்கிற அப்பா,
அப்பாசாமி


காஜா பேராங்
5.7.1959

அன்பு மகள் கமலவேணிக்கு,

உன் கடிதம் இந்த முறை அரைப் பக்கம். நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. உனக்குப் பதிலாக அந்த அம்மா எழுதியிருக்கிறார். பாரத்தைத் திருப்பி அனுப்பி, அதோடு இரண்டே வரி: தனக்கு மகன் இல்லையாம், என் கையெழுத்தும் இல்லையாம். சுருக்கமாக எழுதுகிறவர்களிடம் எப்போதும் எனக்கு ஒரு பயம் உண்டு. பத்து வரி எழுதுகிறவன் எங்கேயாவது வாய் தவறுவான்.

ஆகவே விசாரித்தேன். சிங்கப்பூரில் நம் சரக்கு இறக்குகிற பொன்னுதுரையை உனக்குத் தெரியும், யாரிடமும் எதையும் கறந்துவிடுவான். உங்கள் சமையல்கூடத்துக்கு மிளகாய் வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் அவனை அந்த அறைக்கு அனுப்பினேன். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு காற்றாடி, வேறொன்றும் இல்லையாம். மருந்து இல்லை, ஊசி இல்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறார்களாம், ஒரு மணி நேரம் கழித்து வருகிறார்களாம்.

அந்த அம்மா எப்படி என்று கேட்டேன். “அண்ணே, நல்லவங்கதான். ஆனா அவங்ககிட்ட வாயக் குடுத்தா நம்ம மூட்டை தானா அவுந்துருது” என்றான். குடைந்து கேட்ட பிறகு உண்மை வந்தது. மிளகாய் பேசப் போனவன் முக்கால் மணி நேரம் தன் மாமியாரைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறான். அந்த அம்மாவைப் பற்றி இவன் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை, இவன் வீட்டுக் கதை முழுக்க இப்போது அவருக்குத் தெரியும். கெட்டிக்கார ஆள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

மலாக்கா சின்ன ஊர், அம்மா. ஊரின் அந்தக் கோடியில் புக்கிட் பாருவில் தும்மினால் இங்கே வந்து நலம் விசாரிக்கிறார்கள். பக்கத்து மலாக்காச் செட்டி வீட்டு அன்னம்மா பீபி, தமிழ் வராவிட்டாலும், நல்ல மனுஷிதான், ஆனால் நீ எப்போது திரும்பி வருவாய் என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினம் மலாயில் கேட்கிறாள். உன் பெயர் அப்படியொரு டாக்டரின் தாளில் ஏறிவிட்டால் இறங்காது. வேலைக்குப் போனாலும், வரன் பார்த்தாலும் அது முன்னால் வந்து நிற்கும். பேசாமல் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. நாலு நாள் அம்மா சமையல் சாப்பிட்டால் தூக்கம் தானாக வரும்.

நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ‘நம் குடும்பத்தில் இப்படி ஆனது நான்தான் முதலா, அப்பா?’ என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

உடனே புறப்படு. தம்பின் ரயில் ஸ்டேஷனுக்கு லோரியில் நானே வருகிறேன்.

அப்பா


காஜா பேராங்
19.7.1959

என் அம்மா கமலவேணிக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. போன வியாழக்கிழமை நான் சிங்கப்பூரில் இருந்தேன். உன்னைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். ஏன் என்பது கடைசியில் உனக்கே தெரியும்.

உன் அறைத்தோழி கோகிலா எழுதியிருந்தாள். நான் போகக்கூடாது என்று சொன்னதால் நீ அந்த அறைக்குப் போவதை நிறுத்திவிட்டாயாம். வகுப்புக்கும் போகவில்லையாம். நாலு நாளாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயாம், தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறதாம். அன்றைக்கே ரயிலேறினேன்.

நேராக அந்த அம்மாவிடம் போனேன், சந்தேகத்தோடுதான் போனேன். மூட்டை வாங்கும்போது வாயைப் பிரித்து மேலே இருப்பதைக் காட்டுவார்கள், நான் அடியில் குத்தி எடுத்துப் பார்ப்பேன். மனிதர்களிடமும் அதுதான் என் வழக்கம். உன் அம்மா சுட்ட முறுக்கு டின்னை மேசைமேல் வைத்தேன், அவர் அதைத் திறந்து வெளி பெஞ்சில் காத்திருந்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். என் மகள் எல்லாவற்றையும் எனக்கு எழுதிவிட்டாள், நீங்கள் மறைக்க வேண்டியதில்லை என்றேன். விலை தெரியாதபோது தெரிந்த மாதிரி பேசுவது எங்கள் தொழிலில் பழைய வித்தை. அப்படியென்றால் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லையே என்று சிரித்தார். இங்கே நம் செங் கிராமத்து மளிகைக் கடைக்காரர் மகனும் இங்கே வருகிறானாமே என்று தூண்டில் போட்டேன். யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதைக்கூடச் சொல்ல மாட்டாராம். கடைசியில் பெற்ற தகப்பன் கேட்கிறேன் என்று குரலை உயர்த்தினேன். “உங்க மக சொல்லச் சொன்னா சொல்றேங்கய்யா. அதுவரைக்கும் அது அவளோடது” என்றார்.

இந்த மலாயாவில் முப்பது வருஷமாக வியாபாரம் பண்ணுகிறேன். வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்த ஆள் எத்தனை அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

எழுந்திருக்கப் போனேன். அப்போது அவர் நான் திரும்பக் கொண்டுபோயிருந்த பாரத்தைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாக ஒன்று கேட்டார். ஊரில் இருக்கிற உங்கள் தம்பி கடைசியாக எப்போது கடிதம் போட்டார் என்று. நாள் முழுக்கப் பொய் விலை சொல்லத் தெரிந்தவன் நான். அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்லாமல், மறுபடி உட்கார்ந்து உண்மையைக் கொட்டிவிட்டேன். பொன்னுதுரையை இனிமேல் கேலி செய்ய எனக்கு வாயில்லை.

கமலா, ஜோகூரில் புளி கிடையாது. நம் புளி கப்பலில் வருகிறது. பட்டப்படிப்பு படிக்கிற நீகூட, அப்பா எதற்காக ஜோகூருக்குப் புளி பார்க்கப் போகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் போவது தம்போய் மனநோய் மருத்துவமனைக்கு. உன் சித்தப்பா மருதமுத்து அங்கேதான் இருக்கிறான். அவன் ஊருக்குப் போகவே இல்லை.

ஜப்பான்காரன் சயாம் ரயில் போட அவனைப் பிடித்துக்கொண்டு போனான். சண்டை முடிந்து திரும்பி வந்தான், கையும் காலும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் தூங்கமாட்டான். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவான். ஏன்டா என்றால், தெரியலைண்ணே என்பான். காரணம் தெரியாமல் அழுகை வருகிறது என்று நீ எழுதியதைப் படித்தபோது அவன் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்தில்தான் உன்னிடம் அத்தனை கேள்வி கேட்டேன்.

அப்போது நான் கடை திறந்த புதிது. பைத்தியக்காரன் அண்ணன் கடை என்று பெயர் வந்துவிடும் என்று பயந்தேன். கிடங்கில் புளிச் சிப்பங்களுக்குப் பின்னால் பாய் போட்டு அவனைப் படுக்கவைத்து வெளியே பூட்டினேன். கேட்டவர்களிடம் கப்பலேறிவிட்டான் என்றேன். மந்திரிக்கிறவரைக் கொண்டுவந்தேன், தாயத்து கட்டினேன். எட்டு மாதம். பூட்டைத் திறந்து தம்போய்க்குக் கொண்டுபோன நாளில் அவன் பேசுவதையே விட்டிருந்தான். அங்கே இருந்த டாக்டர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம், “மொத மாசமே கொண்டாந்திருக்கலாமே” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

வருஷத்துக்கு மூன்று முறை போகிறேன். கொண்டுபோகிற சட்டையைத் தடவிப் பார்ப்பான், என்னைப் பார்க்கமாட்டான். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தைப்பவள் அவள்தானே.

பாரம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆறாவது கேள்விக்கு முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு உன் சித்தப்பாவின் பெயரை எழுதியிருக்கிறேன். நீ முதல் ஆள் இல்லை, அம்மா. போன கடிதத்தில் நான் உனக்குச் சொன்னது பொய்.

வரனைப் பற்றிய பேச்சை விட்டுவிடு. ஒரு வருஷம் போனாலும் போகட்டும். அந்த அறைக்குப் போ, டாக்டரிடமும் போ. எனக்குச் சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. டாக்டர் மருந்து கொடுத்தால் அதன் பெயரை எனக்கு எழுது, இங்கே கேட்டுப் பார்க்கிறேன். நீ அந்த அம்மாவிடம் என்ன பேசுகிறாய் என்று மட்டும் இனிமேல் கேட்கமாட்டேன்.

உன் விடுதி வாசல்வரை வந்தேன். மாடியில் ஒரு ஜன்னல் சாத்தியிருந்தது, அது உன்னுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உன் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீளமாகப் பதில் வேண்டாம். காலையில் என்ன பசியாறினாய் என்று ஒரு வரி எழுது. வாயில் வைக்க முடியவில்லை என்று திட்டி எழுதினால் இன்னும் நல்லது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் கடையில் இருக்கமாட்டேன், வீட்டு வாசலில்தான் இருப்பேன்.

உன் அப்பா