சோக்குத் தூசு அல்ல

சுகிர்தா பிள்ளைக்கு,

நேற்றைய கத்தரிக்காய்க் கறி பிரிட்ஜில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு. நேற்று நீ சாப்பிடாமல் எழுந்து போனது என்னால்தான். "டூரெட் எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லை" என்று நான் சொன்னது பொய்.

இன்று காலை பேத்தி ஆரணி கேட்டாள்: "அப்பப்பா, நீங்களும் சும்மா சும்மா செருமுறீங்கள், தோளை உலுக்குறீங்கள். அப்ப ஏன் என்னை மட்டும் டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போறீங்கள்?"

தன்னையறியாமல் செருமவும் உலுக்கவும் வைக்கிற இந்த டூரெட் எனக்கு எட்டு வயதிலிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த முப்பது வருடமும் கரும்பலகைச் சோக்குத் தூசு என்று சொல்லிச் சமாளித்தேன். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகிறது. சிட்னியில் எனக்கு எங்கே சோக்கு? "ஓம், எனக்கும்தான்" என்று அவளிடம் சொன்னேன். அதன்பின் குடித்த தேநீர் நன்றாக இருந்தது.

மருத்துவரின் படிவத்தில், குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்ற கேள்விக்கு நான் எழுதுவித்த 'இல்லை'யை வெட்டி, என் முழுப்பெயரை எழுதிவிட்டேன். ஆரணியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அதைக் கொடுக்க வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வீட்டுத் திறப்பு வழமையான இடத்தில்.

மாமா

உன் அம்மாவிடம், "உங்கட பக்கத்தால வந்ததோ?" என்று கேட்டவனும் நான்தான். அவருடைய நம்பரை எழுதி வை. பின்னேரம் நானே கோல் எடுத்து மன்னிப்புக் கேட்கிறேன்.

சனிக்கிழமை டூரெட் குடும்பங்களின் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். முன்வரிசையில் ஒரு கதிரை பிடி. இனி செருமலை அடக்கிக்கொண்டு பின்னால் இருக்கமாட்டேன்.